ஆச்சியின் ஆமாடப் பெட்டி

பழைய சாமான் வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுப் பெட்டிக்கு நல்ல விலை சொல்லியிருந்தார். கொடுப்பதா, வேண்டாமா? "பத்மநாபபுரத்துக்குப் போய் மரவேலைன்னா என்னன்னு ஒருக்கா பாத்துட்டு வருவோம். பொறவு முடிவு பண்ணலாம்" என்றாள் அம்மா. தக்கலையில் பஸ் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம். (திங்கட்கிழமை விடுமுறை, கவனம்.)

பெட்டி, ஆச்சியின் கல்யாணத்துக்கு வந்தது. ஆமாடப் பெட்டி என்போம். நெட்டூர்ப் பெட்டி என்றும் சொல்வதுண்டு. ஈட்டி மரம். மூடி, ஓட்டு வீட்டுக் கூரைபோல நாலு பக்கமும் சரிந்து மேலே கூடும். மூலைகளில் பலகைகளைப் பல்லுப் பல்லாகக் கோத்து, மேலே பித்தளைப் பட்டை அடித்திருக்கிறது. நகையோடு நிலப் பத்திரத்தையும் ஆச்சி அதில்தான் வைத்திருந்தாள்.

அரண்மனைப் பூமுகத்தில் எல்லோரும் குதிரைவீரன் விளக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. கழுத்து வலிக்கும்வரை நின்றோம். உப்பரிகை மாளிகையில் மூலிகைக் கட்டில். 64 வகை மரங்களில் செய்தது என்கிறார்கள். மார்த்தாண்ட வர்மா 1750 வாக்கில் அரண்மனையை விரித்துக் கட்டினார்.

அவருக்குச் சில தலைமுறை முந்தி, பாரிஸில் 14-ம் லூயியின் தச்சர் ஆந்திரே சார்ல் பூல் இருந்தார். பித்தளைத் தகட்டையும் ஆமையோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரே அறுப்பில் பூவேலை வெட்டி, இரண்டையும் மாற்றிப் பொருத்தி மேசையையும் பெட்டியையும் மூடுவது அவர் பாணி. அடியிலிருக்கும் மரம் கண்ணிலேயே படாது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆசாரி, ஈட்டியின் ரேகை தெரியட்டும் என்று விட்டுவிட்டு, இடிபடும் இடத்தில் மட்டும் பித்தளை வைத்தார். எனக்கு அதுதான் பிடிக்கிறது. சொந்தப் பெட்டி என்பதாலும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். கவிழ்த்துப் பார்த்தார். "அடிப்பலகை மட்டும் அயனி. பொறவு மாத்தினது. இதே மாதிரி செய்யணும்னா ஈட்டிக்கு எங்க போக?" என்றார்.

சாயங்காலம் வியாபாரியின் போன் வந்தது. அம்மாவே எடுத்தாள்.

"பெட்டிச் சாவியக் காணல அண்ணாச்சி, தேடிட்டு இருக்கோம். கெடச்சா சொல்லுகேன்."

சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது.