உறுதிமொழியும் சாயங்காலமும்

ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு தினம். பையன் ஸ்கூல்ல உறுதிமொழி எடுத்துட்டு வந்தான். "என்னடா சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "போதை தப்புன்னாங்க." அவ்ளோதான்.

இந்த மாதிரி உபதேசத்துக்கெல்லாம் பெரியண்ணன் அமெரிக்காவோட 'டேர்' திட்டம். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பிச்சது. யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பாடம் எடுப்பார். பசங்க மிரண்டிருப்பாங்கன்னுதானே நினைப்பீங்க? பாடம் கேட்டவங்களையும் கேக்காதவங்களையும் வருஷக்கணக்கா ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசமே இல்லை!

ஐஸ்லாந்துக்காரங்க ரூட்டே வேற. 1998-ல் அங்கே 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் முந்தின மாசத்துல ஒரு தடவையாவது போதையாகிற அளவுக்குக் குடிச்சிருந்தாங்க. உபதேசத்தை விட்டுட்டு, பசங்களோட சாயங்காலத்தைக் கவனிச்சாங்க. ஃபுட்பால், மியூசிக் கிளாஸுக்கு ரெய்க்யவிக் நகராட்சியே காசு கொடுத்தது. 13லிருந்து 16 வயசு வரைக்கும், குளிர்காலத்தில் ராத்திரி பத்துக்கு மேல பெரியவங்க துணையில்லாம வெளியே சுத்தக்கூடாது. பெத்தவங்களே ஏரியா ஏரியாவா ரோந்து போனாங்க. 2016-ல் அந்த 42, வெறும் 5 ஆச்சு. (மத்த ஐரோப்பிய நாடுகள்லயும் பசங்க குடிக்கிறது குறைஞ்சிருக்கு, அதனால மொத்தப் பெருமையும் இதுக்கேன்னு சொல்லமாட்டேன்.)

பையனுக்கு ஸ்கூல் நாலு மணிக்கு முடியுது. நான் ஆபீஸ்லேர்ந்து வர எட்டரை. நடுவுல எங்கே, யாரோட இருக்கான்னு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.