73 பேர் ஏறிய படகு

டீசல் வாசனை சட்டையில் ஏறிவிட்டால் லேசில் போகாது. 'பம்பனிட்டோ'வுக்குப் போகும் சனிக்கிழமைகளில் இருப்பதிலேயே பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்வேன். அது ஒரு நீர்மூழ்கி. சான் பிரான்சிஸ்கோவில், ஃபிஷர்மன்ஸ் வார்ஃபின் 45-ஆம் பியரில் கட்டிக் கிடக்கிறது. 1943 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. பசிபிக்கில் ஆறு முறை வேட்டைக்குப் போய் ஆறு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தது. போருக்குப் பின் ரிசர்வ் படையினருக்குப் பயிற்சிக் கூடமாக இருந்து, 1982 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நீளம் 312 அடி, அகலம் 27 அடி. அதற்குள் 80 பேர், 24 டார்பிடோக்களோடு படுத்து எழுந்திருக்கிறார்கள்.

போர் முடிந்த செய்தி உப்புத் தண்ணீருக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. அது ஓயாமல் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கிறது. தன்னார்வலர்களான எங்களுக்கு அதோடுதான் மல்லுக்கட்டு. காதடைப்பான் மாட்டிக்கொண்டு நீடில் கன்னால் பழைய பெயின்டையும் துருவையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, சாம்பல் நிறப் பெயின்ட் பூச வேண்டும். கடைசி மூலையை முடிக்கும்போது முதல் மூலையில் துரு மறுபடி தலைகாட்டியிருக்கும். கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்: எலக்ட்ரீஷியன், லேத் வேலைக்காரர், பள்ளி ஆசிரியர். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். முதல் நாள் மேல்தளத்தைப் பார்த்து நான் மலைத்து நின்றபோது எலக்ட்ரீஷியன் பெரியவர் சொன்னார்: "முழுப் படகையும் பார்க்காதேம்மா. உன் முன்னால இருக்கிற ஒரு சதுர அடியை மட்டும் பாரு."

எஞ்சின்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் பத்து சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒன்றையொன்று முட்ட வருவதுபோல் எதிரெதிரே இரண்டு பிஸ்டன்கள். எப்போதாவது ஓடவிடுவோம். அப்போது பியரின் பலகைகள்கூட அதிரும். தண்ணீருக்கு மேலே போகும்போதுதான் எஞ்சின். உள்ளே இறங்கிவிட்டால் காற்று கிடையாது, பேட்டரிதான். 252 செல்கள், ஒவ்வொன்றும் நெஞ்சு உயரத்துக்கு வரும். மாலுமிகள் அவற்றின் மேல்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

எனக்கு மனம் நிற்கும் இடம் கோனிங் டவர். அங்கேதான் டார்பிடோ கணிப்பான் இருக்கிறது. ஒரு சிலிக்கன் துண்டுகூட இல்லாத கணினி: பல்சக்கரம், தண்டு, மோட்டார், டயல், அவ்வளவுதான். எதிரிக் கப்பலின் வேகம், திசை, தூரம் மூன்றையும் கைப்பிடியைச் சுற்றி ஊட்டினால், கப்பல் நகர நகர அதுவும் கூடவே கணக்குப் போட்டுக்கொண்டு வரும். டார்பிடோ எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லும். பல பத்தாண்டுகள் செத்துக் கிடந்ததை எங்களுக்கு முன்னே வந்த தன்னார்வலர்கள் பிரித்துக் கழுவிப் பூட்டி மறுபடி ஓட வைத்தார்கள். பகல் முழுக்கப் பிழை தேடிப் பிழைக்கும் எனக்கு அந்த டயல்கள்மேல் பொறாமைகூட உண்டு. எத்தனை டயல்! கப்பலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்ட மட்டும் ஒன்றும் இல்லை.

1944 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு ஒரு கப்பல் கூட்டம் கிளம்பியது. அதில் 'ரகுயோ மாரு'வில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள் 1,300 பேருக்கு மேல். 'கச்சிடோக்கி மாரு'வில் பிரிட்டிஷ் கைதிகள் 900 பேர். அவர்கள் உள்ளே இருப்பது வெளியே தெரிய எந்த அடையாளமும் இல்லை. 12-ஆம் தேதி விடியுமுன் 'சீலயன்' என்ற நீர்மூழ்கி ரகுயோ மாருவை அடித்தது. அன்று இரவு கச்சிடோக்கி மாருவை அடித்தது எங்கள் பம்பனிட்டோ. சீலயன் என்றால் கடல் சிங்கம். 39-ஆம் பியரில் வெயில் காயும் கடல் சிங்கங்கள் குரைப்பது எங்கள் மேல்தளம்வரை கேட்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு ரகுயோ மாரு நினைவுக்கு வந்துவிடும்.

ரகுயோ மாருவில் ரப்பர் சரக்கும் இருந்தது. ரப்பர் என்றதும் பாட்டி வந்துவிடுவாள். மலாயாவில், பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார், தண்டல் ஆள் எண்ணுவார். அவள் விரல் இடுக்குகளில் பால் காய்ந்த கறுப்பு, வேலையை விட்டு இருபது வருடம் ஆன பிறகும் இருந்தது. அவள் தோட்டத்துப் பாலும் எங்கோ ஒரு கிடங்கில் ஷீட்டாகக் காய்ந்து, அந்தக் கப்பலின் அடித்தட்டுக்குப் போயிருக்குமோ என்று நீடில் கன் கையில் அதிரும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். அந்த அதிர்வில் எதையும் யோசிக்கலாம், யாரும் குறுக்கே பேச முடியாது.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டால் மரவள்ளிக்கிழங்கில் ஆரம்பிப்பாள். காலையில் கிழங்கு, ராத்திரி கிழங்கு. வாழைமரம் போட்ட நோட்டை மூட்டையாகக் கட்டிப் போனாலும் அரிசி கிடைக்காது. அப்புறம் குரல் இறங்கும். "அண்ணன சயாமுக்குக் கொண்டுபோனானுங்க. மூணு மாச வேலை, நல்ல கூலின்னான். பெரட்டுல பேரு கூப்பிட்டாரு கிராணி. இவரு கைய தூக்குனாரு. லோரில ஏத்துனாங்க." மேலே சொல்ல அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. எத்தனை தடவை கேட்டாலும் கதை லோரியோடு நின்றுவிடும்.

சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம். செத்தவர்கள் 90,000 என்பார்கள் சிலர், அதற்கும் மேலே என்பார்கள் சிலர். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களே பல்லாயிரம். கைதிகளோடு ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். காலரா வந்தபோது தோட்டத்து ஜனங்களுக்கு அப்படி யாரும் இல்லை. பாதை முடிந்ததும் கைதிகளில் கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களைப் பொறுக்கி, ஜப்பானில் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பினார்கள். ரகுயோ மாருவில் ஏற்றப்பட்டவர்கள் அவர்கள்தான்.

ரகுயோ மாருவை இழந்தவர்களில் பலர் மூன்று நாள் கடலில் மிதந்தார்கள். 15-ஆம் தேதி மாலை பம்பனிட்டோ அந்தப் பக்கம் திரும்பி வந்தது. கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, கறுத்துப் போன உருவங்கள். ஜப்பானியர்கள் என்று நினைத்துத் துப்பாக்கியோடுதான் நெருங்கினார்கள். கேட்டது ஆங்கிலக் குரல். அதன் பிறகு மாலுமிகள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்கள். இருட்டும்வரை இழுத்து ஏற்றினார்கள்: 73 பேர். நான் துரு கொத்தும் அதே மேல்தளத்தில் அவர்களைக் கிடத்தித் துணியை வெட்டி எடுத்து எண்ணெயைத் துடைத்தார்கள். பின்பக்க டார்பிடோ அறையிலும் மாலுமிகளின் படுக்கைகளிலும் படுக்க வைத்தார்கள். 80 பேருக்கே திணறும் இரும்புக் குழாயில் 150 பேருக்கு மேல், ஐந்து நாள், சைப்பான் தீவுவரை. வழியில் ஒருவர் இறந்தார். மாலுமிகளே எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. தகவல் தெரிந்து சீலயனும் வேறு இரண்டு படகுகளும் வந்து இன்னும் 86 பேரை எடுத்தன. சயாம் ரயிலின் கதையை நேரில் பட்டவர் வாயால் வெளியுலகம் முதன்முதலில் கேட்டது இவர்களிடம்தான். 1944 நவம்பரில் லண்டனிலும் கான்பெராவிலும் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள்.

சில சனிக்கிழமைகளில் வழிகாட்டி வேலையும் பார்ப்பேன். வருகிறவர்கள் கேட்பது முதலில் கழிப்பறை பற்றி. அதில் எத்தனை வால்வு, எந்த வரிசையில் திறக்க வேண்டும், தவறினால் என்ன திரும்பி வரும் என்று சொன்னால் சிரிப்பு அடங்க நேரமாகும். சாரணச் சிறுவர்கள் ராத்திரி தங்க வந்தால் மேல் படுக்கைக்குப் போட்டி. சாப்பாடு நன்றாக இருக்குமா என்பார்கள். கடற்படையிலேயே நீர்மூழ்கியில்தான் நல்ல சாப்பாடு, ஐஸ்கிரீம்கூட உண்டு என்பேன். எனக்குள் பாட்டி மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருப்பாள்.

பின்பக்க டார்பிடோ அறைக்கு வந்ததும் 73 பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, படைப் பிரிவு இருக்கிறது. பேரன் பேத்திகள் தேடி வந்து, தாத்தா படுத்திருந்த இடம் எது என்று கேட்கிறார்கள். தாய்லாந்தில், அந்த ரயில் பாதையில் செத்த கைதிகளைப் புதைத்த காஞ்சனபுரி போர் மயானத்தில் நின்றபோதும் இதையேதான் பார்த்தேன். வெட்டிவிட்ட புல்வெளியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசையாக, கல்லில் பெயரோடு. தோட்டக்காரர்கள் தினமும் வேலை செய்கிறார்கள். தமிழர்களின் எலும்புகள் அதே ஊரில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், யாருடையது எது என்று தெரியாமல் சேர்ந்து கிடக்கின்றன. அண்மை ஆண்டுகளில் மலேசியத் தமிழர்கள் முயன்று அங்கே ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள்.

புல்வெளியைப் பார்த்து எனக்குப் பொறாமையோ கோபமோ வரவில்லை. எட்டு மணி நேரம் துரு கொத்திய கைக்கு, பராமரிப்பு என்றால் என்னவென்று தெரியும். 2016-இல் பம்பனிட்டோவை விரிகுடாவைத் தாண்டி உலர்துறைக்கு இழுத்துப் போய் அடிவயிற்றைச் சுரண்டிப் பூசி வந்தார்கள். யாரோ பணம் திரட்டியிருக்கிறார்கள், யாரோ ரசீது எழுதியிருக்கிறார்கள். 73 என்ற எண் இத்தனை காலம் அழியாமல் நிற்பதற்குக் காரணம் வீரம் மட்டும் இல்லை. அன்று ஒருவர் பெயர்களைக் குறித்து வைத்தார்; பிறகு வந்தவர்கள் தாளையும் இரும்பையும் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் பெரட்டில் கூப்பிட்ட பேர்கள் இருந்தன. வைத்துக் காப்பாற்றத்தான் ஆள் இல்லாமல் போனது.

இப்போது டார்பிடோ அறையில் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்கிறேன்: அதே பாதையில் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களைத் தேடி எந்தப் படகும் வரவில்லை. சிலர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவார்கள். சிலர் நின்று, பெயர்ப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

அதனால் ஒரு சதுர அடியில் ஆரம்பித்திருக்கிறேன். பாட்டியின் தோட்டம், அவள் இருந்த லயம், அதிலிருந்து சயாம் போனவர்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கும் அத்தைகளுக்குப் போன் போடுகிறேன். பாட்டி சொன்னதில் அவரவர் காதில் தங்கியதைச் சொல்கிறார்கள்: எந்த வீட்டு மகன், யாருக்கு மாமன், கட்டிக்கொள்ள யாரைப் பேசியிருந்தார்கள். நோட்டில் முதல் வரி பாட்டியின் அண்ணன். பெயருக்கு நேரே வயதுக் கட்டம் மட்டும் காலி. பெரியத்தை 19 என்கிறாள், சின்னத்தை 22-க்குக் குறையாது என்கிறாள். போன வாரம் இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன். இப்போது அவர்களுக்குள் பேச்சு இல்லை.