கிழக்கெல்லையில் பூட்டி

ஆவணி 5, கொழும்பு

என் பூட்டியின் குடும்பத்தைத் தேடிச் சுவடிகள் திணைக்களத்தில் இரண்டாவது நாள். பழைய அரசாங்க வர்த்தமானிகளைப் புரட்டிக் கண் எரிகிறது. யாழ்ப்பாண டிஸ்திறிக் கோட்டின் மரணசாதன வழக்கு அறிவித்தல்கள் இவற்றில் வந்திருக்கின்றன. அந்தக் காலத்தவர் வாயில் அது ‘ரெஸ்ரமென்ரறி’. இறந்தவர் பெயர், மனுதாரர், அவருக்குக் கீழே எதிர்மனுதாரர் வரிசை. எதிர்மனுதாரர் என்றதும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. மனைவி, மக்கள், தம்பிமார் என்று உரித்தாளர் எல்லாரையும் அந்த வரிசையில்தான் போடுவார்கள். சண்டை இல்லாத வீட்டிலும் தாயும் மகனும் எதிரெதிரே நிற்பார்கள். பூட்டியின் ஊரைத் தேடும்போது ‘டெல்வ்ற்’ என்று தேட வேண்டும். நெடுந்தீவு என்றால் அகப்படாது.

பூட்டியின் தகப்பனைக் கண்டுபிடித்தேன். 1898. வழக்கிலக்கமும் கிடைத்தது.

ஆவணி 8, யாழ்ப்பாணம்

யுத்தத்தில் எரிந்ததும் கறையான் தின்றதும் போக, மாமியின் றங்குப்பெட்டியில் அந்த வழக்கின் உறுதிப்படுத்திய பிரதி இருந்தது. மனு, சத்தியக் கடதாசி, ஆதன விபரம் எல்லாம் இங்கிலிசில். நான்கு ஆண்மக்களின் பெயர். இளையவன் பராயமடையாதவன் என்பதால் அவனுக்கு வயதும் எழுதியிருக்கிறது. மாடுகள், வள்ளத்தில் ஒரு பங்கு, பிறகு காணிகள். ‘இத்தனை லாச்சம் வி.சி.’ என்கிறது. வரகு விதைப்புக் கணக்கு அது. நெல் நிலமென்றால் ‘பி.சி.’. கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று ஒவ்வொரு காணிக்கும் ஒரு வால் நீளுகிறது. தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் சும்மாவா?

பூட்டி மட்டும் இல்லை. மூன்று தரம் வாசித்தேன். மகள் என்றொரு சொல்லே கிடையாது. இவர் வேறு யாரோவென்று கடதாசியை மடிக்கப் போனேன். மாமி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னா: “அவவுக்குச் சீதனம் எழுதிக் குடுத்தாச்செல்லே தம்பி. பிறகு கோட்டிலை என்ன பங்கு கேக்கிறது?”

தலையில் குட்டியது போலிருந்தது. தேசவழமை! யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்றது. 1806 இல் ஆங்கிலேயரும் சட்டமாக ஏற்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து அதில் பிரிகிறது. சீதனம் பெற்றுப் போன பெண், சகோதரர் இருக்கையில் பெற்றோரின் முதுசத்தில் பங்கு கேட்க மாட்டாள். மரணசாதன ஏட்டை மட்டும் நம்பி வம்சம் எழுதினால் நம் குடும்பங்களில் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பிறக்காதவர்களாகிவிடுவார்கள். நானே கிட்டத்தட்ட அதைச் செய்துவிட்டேன்.

ஆவணி 10, நெடுந்தீவு

குறிகட்டுவானிலிருந்து படகு. சோளகக் காற்று தூக்கிப் போட்டது. மாவிலித்துறையில் இறங்கியபோது சட்டை முழுக்க உப்பு.

நேற்றிரவு ஆதன விபரத்தை மறுபடி வாசித்தேன், இந்தமுறை எல்லைகளை. யாரும் அக்கறையாக வாசிக்காத வரி அது. மூன்றாவது காணி: வடக்கும் மேற்கும் ஒழுங்கை, தெற்கு யாரோ ஒருவர், கிழக்கு பூட்டியின் பெயர். தகப்பன் பெயரோடு, புருஷன் பெயரோடு, எழுத்துக்கூட்டல் மட்டும் கோணலாக. தன் காணியிலிருந்து வெட்டித்தான் மகளுக்குக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

இன்று அந்த இடத்தில் நின்றேன். சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலி, இடுப்பளவு. இரண்டு இடத்தில் சரிந்து மாடு போய்வரும் வழியாகிவிட்டது. அந்தப் பக்கம் பூட்டியின் பனைகள். இப்போது வேறு ஆட்களின் பனைகள்.

ஆவணி 12, யாழ்ப்பாணம்

1840 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு உறுதி வேண்டும். ஆகவே பூட்டிக்கும் ஒரு சீதன உறுதி எழுதியிருப்பார்கள். கலியாணத்தை ஒட்டியே எழுதுவார்கள் என்பதால் அவ கலியாணம் செய்த காலமும் அதில் தெரிந்திருக்கும். மாமியைக் கேட்டேன். காணி விற்ற அன்றைக்கே பழைய உறுதிகளையும் வாங்கினவர் கையில் கொடுத்தாயிற்றாம்.

சீதன உறுதி இன்னும் வீட்டில் இருப்பவர்கள், காணியை விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். உறுதியைக் கொடுக்க முன்னம் ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள்.