மேட்டூரில் எத்தனை அடி?

ஆனி பிறந்தால், திருவானைக்காவலில் தனியாக இருக்கும் அம்மாவுக்கும் பெங்களூரில் இருக்கும் எனக்கும் போனில் ஒரே பேச்சுதான். மேட்டூரில் எத்தனை அடி?

வழக்கப்படி ஜூன் 12 அணை திறக்கணும். 2024இல் திறக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் நாற்பது அடியை ஒட்டித்தான் இருந்தது. "பதினெட்டுக்கு ஆத்துல மணல்தான் போல" என்றாள். அப்பு லிங்கம் இருக்கிற ஊரில் தண்ணிக்கா பஞ்சம் என்றேன். "சாமிக்கு ஊறும். நமக்கு?"

பிறகு குடகில் கொட்டியது. கபினி நிறைந்தது, கிருஷ்ணராஜசாகர் நிறைந்தது. பெங்களூரில் நான் குடிப்பதும் இதே காவிரிதான். நான் மேலே, அவள் கீழே. தினமும் ராத்திரி அடிக்கணக்கு சொன்னேன். ஜூலை 28 திறந்தார்கள். 30ஆம் தேதி 120 அடி. அடுத்த சில நாளில் கொள்ளிடத்தில் வெள்ளம், ஆற்றுக்குள் நின்ற உயர் மின்கோபுரமே சாய்ந்தது. "போதும்னு சொல்லுடா" என்று சிரித்தாள், ஏதோ மதகு என் கையில் இருப்பதுபோல.

மூட்டுவலி எப்படி என்று நேராகக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். அதனால் ஆடிப்பெருக்கு அன்று வேறு மாதிரி கேட்பேன்: அம்மா மண்டபத்துல எத்தனை படிம்மா இறங்குன? முந்தைய வருஷம் தண்ணீர் வரைக்கும் இறங்கி, காதோலை கருகமணி விட்டுவிட்டு, எனக்கும் ஒரு மஞ்சள் கயிறு எடுத்து வைத்திருந்தாள். அந்த வருஷம் மேல்படியிலேயே நின்றுவிட்டாளாம். பக்கத்து வீட்டு அக்காதான் சொம்பில் மொண்டு வந்து தலையில் தெளித்தார்களாம்.

தண்ணீர் அவ்வளவு ஏறியிருந்ததாலா, முழங்கால் விடாததாலா? கேட்டால் தண்ணீரைத்தான் சொல்வாள்.