நாலு வருஷ சைக்காலஜி: அந்த முதல் வருஷம் யாருக்காக?

கொஞ்சம் நீளமான த்ரெட். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப யோசிக்கிறவங்களுக்கும் இதில் விஷயம் இருக்கு. நாற்பது வயசுக்கு மேல படிக்கணும்கிற ஆசையை யாரிடமும் சொல்லாம வச்சிருக்கிறவங்களுக்கும் இருக்கு.

இந்த வருஷம் மூணு பெற்றோர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "சார், பொண்ணுக்கு இங்கிலாந்துல சைக்காலஜி சீட் கிடைச்சிருக்கு. நாலு வருஷமாம். முதல் வருஷம் ஃபவுண்டேஷன்னு சொல்றாங்க. சேர்க்கலாமா?"

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். மனநலம் என் சிறப்புத் துறை இல்லை. நாங்க படிச்ச காலத்தில் சைக்கியாட்ரி போஸ்டிங்கே 2 வாரம்தான். ஆனா இவங்க கேட்கிற இந்தப் படிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கிட்டிருக்கேன். என் பெரியம்மா மகள், எங்க அக்கா, அதைத்தான் படிக்கிறாங்க. அவங்க அனுமதியோடுதான் எழுதுறேன். ஊர் பேர், யுனிவர்சிட்டி பேர் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம்.

இங்கிலாந்தில் டிகிரி பொதுவா 3 வருஷம். அதில் சேர ஏ லெவல் மாதிரி ஒரு தகுதி வேணும். மார்க் போதாதவங்க, தேவையான பாடம் எடுக்காதவங்க, பள்ளிப் படிப்பு முடிஞ்சு ரொம்ப வருஷம் ஆனவங்க, இவங்களுக்காக டிகிரிக்கு முன்னாடி ஒரு வருஷம் சேர்த்து நடத்துறாங்க. அதுதான் ஃபவுண்டேஷன் இயர். தரவரிசையில் அது ஏ லெவலுக்குச் சமமான 3-ஆம் நிலை. அதுக்கு மேல வர்ற மூணு வருஷம் 4, 5, 6-ஆம் நிலைகள். அந்த முதல் வருஷ மார்க் டிகிரி கிளாஸில் சேராது. ஆனா பாஸ் பண்ணினால்தான் அடுத்த படி. (ஃபவுண்டேஷன் டிகிரின்னு இன்னொண்ணு இருக்கு. அது வேற, குழப்பிக்காதீங்க.)

எங்க அக்கா திண்டுக்கல் பக்கம். பி.காம். முதல் வருஷம் பாதியில் கல்யாணம். மச்சான் வேலை நிமித்தமா இங்கிலாந்து. ரெண்டு பிள்ளைங்க வளர்ந்ததும் ஒரு முதியோர் காப்பகத்தில் வேலைக்குப் போனாங்க. குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, டயப்பர் மாத்துறது. எட்டு வருஷம்.

அங்கே மறதிநோய் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. தினமும் சாயங்காலம் நாலு மணி ஆனா போதும், கோட்டை மாட்டிக்கிட்டு வாசல் கதவை இழுக்க ஆரம்பிச்சிடுவாங்களாம். "ஸ்கூல் விட்டிருக்கும், பிள்ளைங்க நின்னுக்கிட்டு இருக்கும்." உங்க பிள்ளைங்களுக்கு அறுபது வயசாகுதுன்னு யாராவது சொன்னா கத்தல், அழுகை. ஒருநாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா என்ன சாப்பிடுவாங்க?"ன்னு கேட்டாங்க. பாட்டி சொல்ல ஆரம்பிச்சவங்க, அரை மணி நேரத்தில் கோட்டைத் தானே கழட்டி வச்சுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்கு போன். "தம்பி, உண்மையைச் சொன்னா அழுவுறாங்க. இதைக் கேட்டா அடங்கிடுறாங்க. ஏன்டா?" எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொன்னேன். சமீபத்திய ஞாபகம் முதல்ல போகும், பழசு தங்கும்னு. "அது சரி, அந்தக் கேள்வி ஏன் வேலை செஞ்சது?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. அந்த "ஏன்"தான் அவங்களை யுனிவர்சிட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு.

நம்ம +2 மார்க் ஷீட் 20 வருஷத்துக்கு முந்தினது. முதல்ல உள்ளூர் கல்லூரியில் பெரியவங்களுக்கான இங்கிலீஷ், கணக்கு வகுப்பு போய் பாஸ் பண்ணினாங்க. அப்புறம் ஒரு நேர்காணல். 2023 செப்டம்பரில், 41 வயசில், ஃபவுண்டேஷன் வகுப்பில் போய் உட்கார்ந்தாங்க. பக்கத்தில் பள்ளியில் தேறாத 19 வயசுப் பையன், ஒரு முன்னாள் லாரி டிரைவர், தனியா பிள்ளை வளர்க்கிற ஒரு அம்மா.

ஊரில் எல்லாரும் கேட்டது ஒண்ணுதான்: "இந்த வயசுல எதுக்கு?"

முதல் வருஷம் மனசைப் படிக்கிற வித்தை எதுவும் சொல்லித்தரலை. கட்டுரை எழுதுறது, ஆய்வுக் கட்டுரை படிக்கிறது, அடிப்படை உயிரியல், புள்ளியியல், சைக்காலஜி அறிமுகம். அவ்வளவுதான்.

முதல் கட்டுரை திரும்பி வந்தப்போ அக்கா ஒரே கோபம். வரிக்கு வரி ஓரத்தில் ஒரே குறிப்பாம்: எப்படித் தெரியும்? "முதியவர்கள் தனிமையால் வாடுகிறார்கள்": எப்படித் தெரியும்? "பாசம் கிடைத்தால் குணமாவார்கள்": எப்படித் தெரியும்? "எட்டு வருஷம் கண்ணால பார்த்திருக்கேன், அது போதாதாமா?"

ஒரு மாசம் கழிச்சு மறுபடி போன். குரலே வேற. "தம்பி, நான் சொன்னது தப்புன்னு அவங்க சொல்லலடா. நான் பார்த்தது பத்து பேரை. மத்தவங்களுக்கும் அப்படித்தானான்னு எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேக்குறாங்க." அந்த வருஷத்தின் மொத்தப் பாடமும் இதுதான்னு எனக்குத் தோணுச்சு.

அவங்க படிச்சதில் ஒரு ஆய்வை உங்களுக்குச் சொல்றேன். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர்னு ரெண்டு பேர் செஞ்சது. கார் விபத்துப் படங்களைக் காட்டிட்டு, கார் எவ்வளவு வேகத்தில் போச்சுன்னு கேட்டாங்க. சிலரிடம் "மோதி நொறுங்கினப்போ" எவ்வளவு வேகம்னு கேள்வி. சிலரிடம் "தொட்டுக்கிட்டப்போ" எவ்வளவு வேகம்னு. படம் ஒண்ணுதான், வார்த்தை மட்டும் வேற. முதல் கேள்விக்குச் சராசரி பதில் மணிக்கு 41 மைல் கிட்ட. ரெண்டாவதுக்கு 32 மைல் கிட்ட.

இதே மாதிரி இன்னொரு குழுவுக்கு வேற விபத்துப் படம் காட்டி, ஒரு வாரம் கழிச்சு, "உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்க. படத்தில் உடைஞ்ச கண்ணாடியே கிடையாது. "நொறுங்கின" கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன்னாங்க. "இடிச்ச"ன்னு சாதாரண வார்த்தையில் கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்தான்.

இதை எங்க ஓ.பி.யில் வச்சுப் பாருங்க. நெஞ்சு வலின்னு வர்றவரிடம் "வலி இடது கைக்குப் பரவுதா?"ன்னு கேட்டா, பயத்தில் இருக்கிறவர் "ஆமா சார்"னு சொல்ல வாய்ப்பு அதிகம். "வலி எங்கெல்லாம் போகுது?"ன்னு கேட்டா அவரே காட்டுவார். முதல்ல திறந்த கேள்வி, அப்புறம் குறிப்பான கேள்வின்னு எங்களுக்கும் சொல்லித்தருவாங்க. அது ஏன்கிறதுக்கு இவ்வளவு தெளிவான காரணம் எனக்குக் கிடைச்சது அக்காவோட ஃபவுண்டேஷன் நோட்ஸில்தான். பாட்டியிடம் அக்கா கேட்டதும் ஒரு திறந்த கேள்விதானே?

இன்னொண்ணும் அந்தப் படிப்பில் எனக்குப் பிடிச்சது. தன் துறையோட ஓட்டையை அதுவே சொல்லித்தருது. 2015-இல் ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூட்டணி, பிரபல சைக்காலஜி இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்தது. மூலத்தில் 97 சதவீதம் ஆய்வுகள் "முடிவு உறுதி"ன்னு சொல்லியிருந்தது. திரும்பச் செஞ்சப்போ உறுதியானது 36 சதவீதம். "இதைப் படிச்சதும் பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்கலாம்னு இருந்தேன்"னு அக்கா சிரிச்சாங்க. புள்ளியியலைப் பயந்துக்கிட்டே படிச்சவங்க, அதுக்கப்புறம்தான் அது எதுக்குன்னு புரிஞ்சு படிச்சாங்க.

பணம்னு வந்தாச்சு, அதையும் பேசிடுவோம். அக்காவுக்கு அங்கே நிரந்தரமா தங்குற உரிமை இருக்கு. அதனால் அரசின் கல்விக் கடன் கிடைச்சது. அவங்க சேர்ந்தப்போ கட்டணத்துக்கு உச்சவரம்பு வருஷம் 9,250 பவுண்டு. சம்பளம் வருஷம் 25,000 பவுண்டைத் தாண்டினா, தாண்டின தொகையில் 9 சதவீதம் பிடிப்பாங்க. 40 வருஷத்தில் தீராதது தள்ளுபடி. இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போற பிள்ளைக்கு இந்தக் கடன் கிடையாது. கட்டணமும் அதிகம். அந்த ஒரு வருஷம் உங்க வீட்டை, நகையை வச்சுக் கட்டுற வருஷம்.

அதனால் பெற்றோர்களே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க.

ஒண்ணு: என் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் கட்டாயம் வேணுமா? +2-வில் நல்ல மார்க் இருந்தா நேரா டிகிரி முதல் வருஷத்திலேயே சேர்க்கிற யுனிவர்சிட்டிகள் அங்கே நிறைய. ஏஜென்ட் சொல்றதை மட்டும் நம்பாம, யுனிவர்சிட்டிக்கு நேரா எழுதிக் கேளுங்க.

ரெண்டு: அந்த வருஷம் டிகிரியோட சேர்ந்ததா, இல்ல வேற நிறுவனம் தனியா நடத்துறதா? தனியா நடத்துறதுன்னா, டிகிரிக்குள்ள போக எவ்வளவு மார்க் வேணும்?

மூணு: அந்த டிகிரிக்கு பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி அங்கீகாரம் இருக்கா? அங்கே மேற்கொண்டு சைக்காலஜிஸ்ட் பயிற்சிக்குப் போக அது முக்கியம். அதிலும் செகண்ட் கிளாஸுக்குக் கீழ போகக் கூடாது.

நாலு: டிகிரி முடிச்சா கிளினிக் வைக்கலாமா? முடியாது. இங்கேயும் முடியாது, அங்கேயும் முடியாது. இங்கிலாந்தில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட, டிகிரிக்கு மேல 3 வருஷ முனைவர் பயிற்சி, அப்புறம் அரசுப் பதிவு. அந்த இடங்களுக்குப் போட்டி கடுமை. இந்தியாவில் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார்னு வரையறுத்திருக்கு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பு வேணும். வெறும் பி.எஸ்ஸி.யோ பி.ஏ.வோ போதாது. (மருந்து எழுதுறவர் சைக்கியாட்ரிஸ்ட். அவர் எம்.பி.பி.எஸ். முடிச்சு மேற்படிப்பு படிச்ச டாக்டர். அது வேற பாதை.)

அப்போ அக்கா என்ன ஆவாங்க? அவங்களுக்கு அதில் குழப்பமே இல்லை. முனைவர் பயிற்சி வரைக்கும் போக முடியாமலும் போகலாம். அங்கே அரசு மருத்துவச் சேவையில் லேசான மனச்சோர்வு, பதற்றத்துக்கு உதவி செய்ற பணியாளர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி இருக்கு. அதுதான் குறி. இப்போ டிகிரி ரெண்டாம் வருஷம். வார இறுதியில் அதே காப்பகத்தில் வேலை. அந்தப் பாட்டி இப்போ இல்லை. அந்த நாலு மணிக் கேள்வியை அக்கா கடைசி வருஷ ஆய்வுக்குத் தலைப்பா எழுதி வச்சிருக்காங்க.

கடைசியா, எனக்கு மனசில் கிடந்து உறுத்துற ஒரு விஷயம்.

இதே அக்கா கல்யாணம் ஆகி திண்டுக்கல்லிலேயே இருந்திருந்தா? 41 வயசில், பி.காம். பாதியில் விட்டவங்க சைக்காலஜி படிக்க நம்ம ஊரில் இருந்த ஒரே எளிய வழி தொலைதூரக் கல்வி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிடுச்சு. நோயாளியைத் தொடுற படிப்பை நேரில்தான் படிக்கணும்கிற நியாயம் எனக்குப் புரியுது. டாக்டரா அதை ஒத்துக்கிறேன். தபாலில் படிச்சவர் கவுன்சிலிங் போர்டு மாட்டி, அதனால் மாத்திரையை நிறுத்திட்டு வந்த நோயாளியை நானே பார்த்திருக்கேன்.

ஆனா ஒரு கதவைச் சாத்தினா பக்கத்தில் இன்னொண்ணைத் திறக்கணும் இல்லையா? பள்ளியை விட்டு 20 வருஷம் ஆனவங்க ஒரு வருஷம் அடிப்படையை நேரில் உட்கார்ந்து படிச்சு, தேறினா டிகிரிக்குள்ள போற ஏற்பாடு நம்ம கலைக் கல்லூரிகளில் ஏன் இருக்கக் கூடாது? ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. வீட்டில் மாமியாரை, மாமனாரைப் பத்து வருஷம் பார்த்துக்கிட்ட பெண்கள் எத்தனை பேர்! அவங்க கையில் அனுபவம் இருக்கு. "எப்படித் தெரியும்?"னு கேட்டுச் சொல்லித்தர ஒரு வருஷம்தான் இல்லை.

உங்க வீட்டில் யாராவது நாற்பதுக்கு மேல "படிக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னா, "இந்த வயசுல எதுக்கு?"ன்னு கேட்காதீங்க. "என்ன தெரிஞ்சுக்கணும்?"னு கேளுங்க. அதுவும் ஒரு திறந்த கேள்விதான்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. படிப்பு பத்தினதுன்னா அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன். அவங்களுக்குப் பரீட்சை நேரம், பதில் ரெண்டு நாள் தாமதமாகலாம்.