அறிவிப்புப் பலகையின் முன்னே

சென்ற மாதம் நாம் தில்லியிலிருந்து கான்பூருக்குச் சென்றது, உண்மையைச் சொல்வதானால், ஒரு பேச்சை முடித்துக்கொண்டு திரும்புவதற்காகவே. நம் மகள் அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், கணினி அறிவியல் துறையில், முதுநிலைப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். பெங்களூரிலுள்ள கம்பெனி ஒன்று நல்ல சம்பளத்தில் அவளை வேலைக்கு அழைத்திருந்தது. அவளோ, இன்னும் ஐந்தாண்டுகள் ஆராய்ச்சியிலேயே இருக்கப் போவதாகத் தொலைபேசியில் தெரிவித்தாள். ஊர் விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தையே நம்பிக் காலங் கழித்த குடும்பங்களில் இத்தகைய செய்தி எவ்வாறு வரவேற்கப்படும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

கல்யாண்பூரிலுள்ள வாயிலில் பெயரைப் பதிந்து, அனுமதிச் சீட்டுப் பெற்று, துறையின் கட்டடத்தை அடைந்தோம். மகள் வருமட்டும் அறிவிப்புப் பலகையின் முன் நின்றோம். வரவிருக்கும் சொற்பொழிவுகளின் விவரங்கள் அதில் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. தலைப்புகளில் ஒன்றேனும் நமக்கு விளங்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் தேநீர் உண்டு என்றிருந்ததே தெளிவாக விளங்கிற்று. அவற்றுள் அன்று மாலை நான்கு மணிக்குரிய தாளில் நம் மகளின் பெயர் இருந்தது. நம்மிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் போய் அமர்ந்தோம்.

அவள் அத்துறையின் பழைய கதையிலிருந்தே தொடங்கினாள். ஓர் எண் பகா எண்தானா என்று எவ்வாறு அறிவது? சிறிய எண்களானால் வகுத்துப் பார்த்துவிடலாம். நூறு இலக்கமுள்ள எண்ணை அவ்வாறு வகுத்துப் பார்க்கப் புகுந்தால், நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் இயந்திரத்துக்கும் இப்பிரபஞ்சத்தின் வயது போதாது. விரைந்து விடை சொல்லும் சோதனைகள் 1970களிலேயே கண்டறியப்பட்டன; ஆனால் அவற்றில் மிகச் சிறிதளவேனும் பிழைக்கு இடமிருந்தது. பிழைக்கு இடமே இல்லாமலும் விரைவாகவும், நிரூபிக்கப்படாத ஊகம் எதையும் சாராமலும் முடிவு சொல்லும் முறையை 2002 ஆகஸ்டில் இத்துறையைச் சேர்ந்த மூவர் வெளியிட்டனர். ஒருவர் ஆசிரியர் மணீந்திர அகர்வால். மற்ற இருவரான நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அவ்வாண்டுதான் பி.டெக். முடித்த பிள்ளைகள்!

பின்னர் அவள் பலகையில் ஓர் எண் முக்கோணம் வரைந்தாள். மேலுள்ள இரண்டைக் கூட்டிக் கீழே எழுதும் முக்கோணம்; நம் முன்னோர் மேரு பிரஸ்தாரம் என்றது இதைத்தான். ஏழாம் வரிசையில், இரு முனைகளிலும் உள்ள ஒன்றுகளை நீக்கினால், 7, 21, 35, 35, 21, 7. யாவும் ஏழால் வகுபடும். ஆறாம் வரிசையிலோ 6, 15, 20, 15, 6. பதினைந்தும் இருபதும் ஆறால் வகுபடா. பகா எண்ணின் வரிசையில் மட்டுமே எல்லாம் தவறாமல் வகுபடுமாம். பெரிய எண்ணுக்கு அவ்வரிசை முடிவற்றதுபோல் நீளும். அதனைச் சுருட்டி மடித்து, எண்ணின் இலக்கங்களின் தொகைக்கேற்ற அளவான வேலையில் சோதித்துவிடலாம் என்று காட்டியதே அம்மூவரின் சாதனை. 2006இல் கோடெல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அன்றாடக் காரியங்களுக்கு இன்றும் பழைய சோதனைகளே விரைவானவை என்பதையும் அவள் மறைக்கவில்லை. நமக்கு அது பிடித்திருந்தது.

இதன் பின் அவள் சொன்ன வேலையில் நமக்குப் பாதியும் விளங்கவில்லை. முடிவில் நரைத்த தலையினர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மகள் சற்று நேரம் பலகையையே நோக்கி நின்றாள். பின், "தெரியவில்லை ஐயா" என்றாள். நமக்கு உடல் வியர்த்தது. அவரோ, "எனக்கும் தெரியாது, அதனால்தான் கேட்டேன்" என்று சொல்லி, மகிழ்ச்சியோடு அமர்ந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் இருந்தோம். மேலதிகாரியின் முன் தெரியாது என்று ஒரு நாளும் நாம் சொன்னதில்லை.

தேநீர் வேளையில் மகள் மெல்ல, "அப்பா, ஈரோட்டில் பிறந்த ராஜாராமன் என்பவரைத் தெரியுமா?" என்றாள். அவர் 1949இல் தில்லியில் மதராஸி கல்விச் சங்கத்தின் பள்ளியில் தேறியவராம். 1963இல் இக்கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தபின், 1965இல் இங்கே கணினி அறிவியல் படிப்பைத் தொடங்கியவரும் அவரே. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. இதை அவள் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள் என்பது நமக்குத் தெரியாமலில்லை, பெண் கெட்டிக்காரி.

"ஐந்தாண்டு கழித்தும் விடை கிடைக்காவிட்டால்?" என்றோம்.

"கிடைக்காமலும் போகலாம் அப்பா" என்றாள்.

வீடு திரும்பியதும் மனைவி, "பேச்சை முடித்தீர்களா?" என்று கேட்டாள். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் ஏழு வரிசைகள் எழுதிக் காட்டினோம். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அது சரி, வேலை என்னவாயிற்று?" என்றாள்.

வேண்டாமென்று கம்பெனிக்கு மகள் எழுதிவிட்டாள். கடிதத்தைப் படித்து இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தது நாம்தான்.