வெட்ட வருகிறவனை அழைத்து வருவது எப்படி?

எதிரிப் படையில் ஒருவன் நிற்கிறான். கையில் வாள். நெருங்கினால் வெட்டுவான். ஆனால் அவனைக் கொல்லக் கூடாது, பேசி நம் பக்கம் அழைத்து வர வேண்டும். அவன் துரத்திக்கொண்டு வரும் இரண்டு பேரையும் உயிரோடு காப்பாற்ற வேண்டும். என்ன செய்வீர்கள்?

மதுரை செல்லூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, போன வருடக் காலாண்டு விடுமுறையில் ஐந்து நாள் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். துபாயில் இருக்கும் தாய்மாமா கொடுத்த பழைய நின்டெண்டோ டிஎஸ் கையில். விளையாட்டின் பெயர் ஃபயர் எம்ப்ளம். ஜப்பானில் 1990இல் வந்த முதல் ஆட்டத்தை 2008இல் புதுப்பித்து வெளியிட்டார்கள், அந்தப் பதிப்பு.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடி ஓடிச் சுடும் ஆட்டம் இல்லை இது. சதுரங்கம் மாதிரி கட்டம் கட்டமாக நகர்த்த வேண்டும். ஒரு முறை நாம், ஒரு முறை எதிரி. சதுரங்கத்தில் குதிரை வெட்டுப்பட்டால் யாரும் அழுவதில்லை. இதில் ஒவ்வொரு காய்க்கும் பெயர் உண்டு, முகம் உண்டு, கதை உண்டு. செத்தால் செத்ததுதான், அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டார்கள். அதனால்தான் அவ்வளவு கவலை.

மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டாள். மலைக் கொள்ளையர்களிடம் சிக்கிய லீனா என்ற வைத்தியப் பெண்ணை, அதே கும்பலைச் சேர்ந்த ஜூலியன் என்ற திருடனே விடுவித்துக் கூட்டிக்கொண்டு ஓடிவருகிறான். பின்னால் கும்பல். அந்தக் கும்பலில் கூலிக்கு வாள் பிடிக்கும் நவார் என்று ஒருவன். அவன் வாள் சில சமயம் மூன்று மடங்கு பலத்தோடு இறங்கும். நம் இளவரசன் மார்த் போய்ப் பேசினால் கேட்க மாட்டான். சீடா என்ற இளவரசி, பறக்கும் குதிரையில் போய்ப் பேசினால் கேட்பான். சீடாவோ இரண்டு அடி தாங்க மாட்டாள்.

முதல் தடவை, பலசாலியான ஆக்மாவை முன்னால் நிறுத்தினாள். நவார் வந்து வெட்டினான். ஆக்மா திருப்பி வெட்டினான். நவார் செத்துப்போனான். அவள் எந்த பட்டனையும் அமுக்கவில்லை. கையில் ஆயுதம் இருந்தால் அடி வாங்கியவன் தானாகவே திருப்பி அடிப்பான், அது ஆட்டத்தின் விதி. இரண்டாம் தடவை சீடாவை அவசரப்பட்டு அனுப்பினாள். நவாரைத் தொடுவதற்கு முன்பே நாலு பக்கமும் கோடாரிக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தாத்தா கேட்டார், “என்ன தாயி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

சொன்னாள். தாத்தாவுக்கு அந்தச் சின்னத் திரை தெரியவில்லை. “தரையில போட்டுக் காட்டு” என்றார்.

வாசல் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள். நம் ஆட்களுக்குப் புளியங்கொட்டை, எதிரிக்குக் கூழாங்கல். நவாருக்கு மட்டும் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு.

தாத்தாவுக்குத் திருப்புவனம் பக்கம். சின்ன வயதில் கோயில் மண்டபத் தரையில் ஆடு புலி ஆட்டம் ஆடி வளர்ந்தவர். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் புலியை அடிக்கும் சக்தி கிடையாது, வழியை மறித்து மறித்துத்தான் ஜெயிக்க வேண்டும். ஆடு வைத்து ஆடத் தெரிந்தவனுக்குப் பொறுமையைத் தனியாகச் சொல்லித் தர வேண்டாம் என்பது பெரியவர்கள் கணக்கு. புலி வைத்து ஆடுவதற்குத்தான் பிள்ளைகள் சண்டை போடும்.

கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். “இவன் ஒரு தடவைக்கு எம்புட்டுத் தூரம் வருவான்?”

அது திரையிலேயே தெரியும். எதிரி மேல் குறியை வைத்தால் அவன் எட்டக்கூடிய கட்டங்கள் நிறம் மாறும். அவள் எண்ணிச் சொன்னாள்.

“அப்ப அந்தக் கோட்டுக்கு ஒரு கட்டம் அங்கிட்டு நில்லு. நீ போகாத. அவன் வரட்டும். பின்னாடி ஆள் இல்லாத ஆட்டைத்தான் புலி தாண்டும். உன் பொண்ணுக்கு ஒரு பக்கம் மலை, ரெண்டு பக்கம் நம்ம ஆளு இருந்தா, அடிக்க வர்றவன் ஒருத்தன்தானே?”

பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது. கட்ட விளையாட்டில் ஒருவரைக் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் அவரைச் சுற்றியிருக்கும் காலி இடங்களை அடைப்பதுதான். மீதிப் பாதி, நவாரின் முதல் வெட்டை யார் வாங்குவது என்பது. யாராவது முன்னால் நின்றால்தான் அவன் கும்பலைவிட்டு விலகி வருவான். நிற்பவன் திருப்பி அடித்தால் அவன் சாவான்.

“நிக்கிறவன் கையில ஆயுதத்தக் குடுக்காத” என்றார் தாத்தா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஒருவனுடைய ஆயுதங்களைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடலாம். வெறுங்கையனுக்குத் திருப்பி அடிக்கத் தெரியாது. ஆனால் வெட்டு விழும், அந்த மூன்று மடங்கு வெட்டே விழுந்தாலும் விழும். “செத்துட்டா தாத்தா?” என்றாள்.

“உள்ளதுல கெட்டித் தோல்காரன நிறுத்து. அதுக்கு மேல சாமி விட்ட வழி.”

இந்த இடத்தில் தாத்தா வேலு நாச்சியார் கதைக்குப் போய்விட்டார். சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு அது ஒரு பழக்கம், எந்தப் பேச்சையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆனாலும் இங்கே பொருத்தம்தான். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, நாச்சியார் மகளோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் கோபால நாயக்கர் பாதுகாப்பில் இருந்தார். கூடவே மருது சகோதரர்களும் பிரதானி தாண்டவராய பிள்ளையும். படை இல்லை, பணம் இல்லை. பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். நாச்சியாரே ஹைதரை நேரில் பார்த்து உருதுவில் பேசினார் என்று சொல்வார்கள். மைசூர் உதவியோடு சிவகங்கையை மீட்டது 1780இல். எட்டு வருடம்.

“ஓலை எழுத ஆளு இருந்தாங்க. ஆனா கடைசில யாரு போனா? அந்தம்மாதான் போச்சு” என்றார் தாத்தா. சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். கொட்டைப்பாக்கைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வீட்டிலும் ஒருவர் கோபித்துக்கொண்டு போயிருந்தார். அவளுடைய சித்தப்பா. வைகைக் கரையில் இருந்த தென்னந்தோப்பைப் பங்கு பிரிப்பதில் தகராறு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. தீபாவளிக்கும் வரவில்லை.

ஆள் அனுப்பாமல் இல்லை. முதலில் போன பெரிய மாமா சத்தம் போட்டுவிட்டு வந்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் போய், சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்று விளக்கிவிட்டு வந்தார். மூன்றாவதாக அவளுடைய அப்பா, பத்திர நகலைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நல்ல மனதோடுதான் போனார். பேச்சு முற்றி, நகல் வெளியே வந்து, அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று கத்திக்கொண்டதுதான் மிச்சம். சாதாரணக் குடும்பங்களில் நடப்பதுதான் இதெல்லாம்.

தாத்தா மட்டும் போனதில்லை. ‘பெத்தவன் நான் எதுக்குப் போகணும், அவன் வரட்டும்’ என்பது அவர் பேச்சு.

ஐந்தாம் நாள் அவள் அந்த அத்தியாயத்தை ஜெயித்தாள். டிராக் என்ற கவசக்காரனின் ஈட்டியை வாங்கி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அவனை வெறுங்கையோடு முன்னால் நிறுத்தினாள். நவார் வந்து வெட்டினான். டிராக் தாங்கினான். அடுத்த முறை, மலைக்கு மேலே பறந்து வந்து நவாருக்குப் பக்கத்துக் கட்டத்தில் சீடா இறங்கினாள். பறக்கும் குதிரைக்கு மலை ஒரு தடையில்லை, அம்புதான் எமன், அந்தப் பக்கம் வில்லாளி யாரும் இல்லை என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தாள். ‘பேசு’ என்ற பட்டனை அமுக்கினாள்.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “என்னதான் சொல்லுது அந்தப் புள்ள?”

ஆங்கிலத்தில் ஓடியதை அவள் சொன்னாள். எங்களோடு வந்துவிடு, வர முடியாதென்றால் என்னை வெட்டிவிட்டுப் போ என்கிறாள். அவன் பெண்ணின் மேல் வாளை ஓங்க மாட்டேன் என்கிறான். வந்துவிடுகிறான்.

“அவ்வளவுதானா? பணம் காசு ஒண்ணும் பேசலையா?”

“இல்ல தாத்தா.”

“யாரு தப்பு, யாரு சரின்னு?”

“அதெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

“ம்” என்றார்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திருப்பூர் பஸ் ஏறினார். வயது எழுபத்தி நாலு. மகன், அதாவது அவளுடைய அப்பா, “பத்திர நகல் வேணுமாப்பா?” என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கூட வருகிறேன் என்றதற்கும் வேண்டாம். அப்பத்தா முறுக்குச் சுட்டு எடுத்து வைத்திருந்தார், அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திருப்பூர் வீட்டில் என்ன நடந்தது என்பது முழுதாக யாருக்கும் தெரியாது. வாசலில் பத்து நிமிடம் நின்றார் என்பது தெரியும். கதவைத் திறந்த மருமகள்தான் பிறகு போனில் சொன்னார். சித்தப்பா முதலில் எழுந்தே வரவில்லையாம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பேச்சு கேட்டதாம், கொஞ்சம் சூடாகவே. ஒரு ஆள் குரல்தான் கேட்டது. தாத்தா குரல் கேட்கவில்லை. தாத்தாவைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். செல்லூர் தெருவில் அவர் குரல் கேட்காத நாள் கிடையாது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகத்தான் திரும்பி வந்தார். வீட்டில் யாரும் தூங்கவில்லை. அப்பத்தா சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றார்.

“பேசுனீங்களா?”

“அவன் பேசுனான். சாப்பிட்டோம்.”

“தோப்பு பத்தி என்ன சொன்னான்?”

“அவனும் கேக்கல, நானும் சொல்லல.”

அவளுடைய அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். தாத்தா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முறுக்கு டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தார்.

“பஸ் ஏத்திவிட வந்தான்” என்றார், யாரையும் பார்க்காமல். “அழகர் ஆத்துல எறங்குறது வர்ற வருஷம் என்னைக்குன்னு கேட்டான். எனக்குத் தெரியலடான்னுட்டேன்.”

அப்பத்தா எழுந்துபோய் விளக்கைப் போட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். அது டிசம்பரோடு முடிந்துவிட்டது. பேத்தியைக் கூப்பிட்டு, “போன்ல பாருடி” என்றார்.